குடத்தின் கணக்கு
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருளைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தை எனக்கே அளித்த அன்பர்கள், நான் இலக்கியத்திலிருந்தோ சமயத்திலிருந்தோ ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஓசூரிலேயே குடியிருந்து, குழாயில் எந்தக் கிழமை எந்த வேளையில் தண்ணீர் வரும் என்று காத்திருப்பதிலேயே ஆயுளில் கணிசமான பகுதியைச் செலவிட்டவன் என்ற முறையில், வறட்சிக் காலத்தில் ஒரு நகரம் தன் பிரஜைகளை நோக்கி, வீட்டுக்குள் நீ புழங்கும் தண்ணீரைக் குறைத்துக்கொள் என்று சட்டத்தின் வாயால் கட்டளையிடுவது நியாயம்தானா, நியாயமெனில் எவ்வகைக் கட்டளை நியாயம் என்ற கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கத் துணிந்திருக்கிறேன். தமிழில் தண்ணீர் என்றும், தெலுங்கில் நீள்ளு என்றும், கன்னடத்தில் நீரு என்றும் ஒரே தெருவில் மூன்று வாய்கள் கேட்கும் இவ்வூரில், அந்தக் கேள்விக்கு அயலூரின் அநுபவம் என்று ஒதுக்கிவிடத்தக்க எதுவும் இல்லை.

நமக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில், அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டினால் வந்துவிடுகிற பெங்களூரில் நிகழ்ந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழை பொய்த்ததை அடுத்து, கர்நாடக அரசு தன் 236 தாலுகாக்களில் 223ஐ வறட்சிக்கு உட்பட்டவை என்று அறிவித்தது. மாநகரின் பொது ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ பாதி வற்றிப்போயின. 2024 மார்ச்சில் அந்நகரத்துக் குடிநீர் வடிகால் வாரியம், 1964ஆம் ஆண்டின் சட்டம் தனக்கு அளித்திருந்த அதிகாரத்தைக் கையிலெடுத்து, கார் கழுவுதற்கும் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் அலங்கார நீரூற்றுக்கும் குடிநீரைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மறுபடியும் மீறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் மேலதிகம். பெருமளவில் நீர் பெறும் நுகர்வோருக்கு 20 சதவீதம் வரை வெட்டு. வணிக நிலையங்களின் குழாய்களுக்கெல்லாம் நீரோட்டத்தைத் தணிக்கும் ஏரேட்டர் என்னும் சிறு மூடி. ஹோலிப் பண்டிகையில் காவிரி நீரைக் கொண்டு செயற்கை மழையில் ஆடுவதற்கும் தடை. 2025 பிப்ரவரியில், கோடை முற்றும் முன்னரே, அதே தடையை அவ்வாரியம் மறுபடி பிறப்பித்தது.

இந்தக் கட்டளையை ஏளனம் செய்ய நான் இங்கு வரவில்லை. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மூன்று நிலைகளில் இயந்திரம் வைத்து ஏற்றிக் கொண்டுவரும் காவிரி ஜலத்தைக் காரின் முதுகில் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்புவதைத் தடுக்க ஓர் அரசுக்கு அதிகாரமில்லை என்று வாதிக்கக்கூடியவன், அண்டை வீட்டில் தீப்பற்றியபோதும் தன் கிணற்றுக்குப் பூட்டுப் போடக்கூடியவன். ஆயினும் கட்டளை பிறந்த முதல் சில நாட்களில் 22 குடும்பங்களிடமிருந்து 1,10,000 ரூபாய் அபராதம் வசூலானது என்று பத்திரிகைகள் எழுதியபோது, ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் ஊரில் அந்த இருபத்திரண்டு பேர் யாராயிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தெருவில் நின்று குழாயைப் பிடித்தவன் அகப்படுவான். மதிலுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளமோ, குளியலறையில் அரைமணி நேரம் பொழியும் ஷவரோ எந்த உத்தியோகஸ்தரின் கண்ணிலும் படாது. கண்ணுக்குத் தெரிகிற விரயத்தை மட்டுமே தண்டிக்கும் சட்டம், விரயத்தைவிடப் பார்வையையே அதிகமாகக் கவனிக்கிறது. இதற்குக் காரணம் அதிகாரிகளின் அசட்டை அன்று. அளவு என்ற ஒன்று அவர்கள் கையில் இல்லாமைதான்.

அளவு என்றேன். லிட்டர் என்பது நம் பெண்களின் நாவில் வழங்கும் சொல் அன்று. அவர்களுடைய அளவை குடம். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்று மத்திய அரசின் கையேடு வகுத்திருப்பது ஒன்பது குடம். அந்த வசதியில்லாத ஊருக்கு அது சொல்லும் 70 லிட்டர் ஐந்து குடத்துக்குச் சற்றுக் குறைவு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தானுக்கு வாக்களித்த 55 லிட்டர் நான்கு குடங்கூட நிரம்பாது. ஒரே தேசத்துப் பிரஜைகளுக்குள் ஒன்பது குடத்து ஆளும் நான்கு குடத்து ஆளும் இருப்பது சரிதானா என்பது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

இனி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் லைன் வீடுகளுக்கு வாருங்கள். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் இங்கே தொழிற்சாலைகளை எழுப்பியதிலிருந்து, தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், அண்மைக் காலத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சேர்ந்த தொழிலாளிகளுக்கென்று, ஒரே சுவரை இருபுறமும் பங்கிட்டுக்கொண்டு ஆறும் எட்டுமாக எழுந்த அறைகள் அவை. முற்றத்தில் ஒரு தொட்டி. வீட்டுக்காரர் காலையில் அரைமணி நேரம் மோட்டார் போடுவார். முதல் ஷிப்டுக்குப் போகிறவனும் மூன்றாம் ஷிப்டிலிருந்து திரும்புகிறவனும் அந்த அரைமணிக்குள் வாளியோடு நிற்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பத்துக் குடம் அகப்பட்டால் அது நல்ல நாள். தலைக்கு முப்பது லிட்டர். அப்படியிருக்க, ஊரெல்லாம் இருபது சதவீதம் குறைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கட்டளை பிறக்குமானால், முந்நூறு லிட்டர் செலவழிக்கும் மாடி வீட்டுக்காரர் இருநூற்று நாற்பதில் சௌகரியமாகவே நின்றுகொள்வார். லைன் வீட்டுக்காரி முப்பதிலிருந்து இருபத்து நான்குக்கு இறங்க வேண்டும். இருவருக்கும் ஒரே விகிதம். கணக்கில் பிழையே கிடையாது. அந்தப் பெண் இழந்த ஆறு லிட்டர் என்பது ஒரு குழந்தையின் குளியல்.

விகிதக் கட்டளையின் இந்தக் கோணலை உலகில் சிலர் உணர்ந்தே இருந்தார்கள். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி கலிபோர்னியா மாகாணத்து ஆளுநர் ஜெர்ரி பிரவுன், வழக்கமாக ஐந்தடிப் பனி மூடியிருக்க வேண்டிய மலைச்சரிவில் காய்ந்த புல்லின் மேல் நின்றுகொண்டு, நகரங்களின் நீர்ச்செலவு மொத்தத்தில் 25 சதவீதம் குறைய வேண்டும் என்று ஆணையிட்டார். ஆனால் அந்த மொத்தத்தை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, ஏற்கெனவே சிக்கனமாயிருந்த ஊருக்கு 8 சதவீதமும், பச்சைப் புல்வெளிகளுக்குத் தாராளமாய் நீர் பாய்ச்சிய ஊருக்கு 36 சதவீதமுமாக ஏற்ற இறக்கம் வைத்தார்கள். ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. விகிதத்தையே விட்டுவிட்டு, 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர், செல்வனாயினும் ஏழையாயினும் அதற்கு மேல் இல்லை என்று அறிவித்தது. நம் கணக்கில் மூன்றேகால் குடத்துக்குச் சற்று மேல். அதுவும் பலிக்காவிடில் குழாய்களை மூடிவிட்டு, நகரில் இருநூறு இடங்களில் ராணுவக் காவலோடு ஆளுக்கு 25 லிட்டர் வரிசையில் நிறுத்திக் கொடுப்பது என்றும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த நாள் வரவில்லை. 2015இல் நாளொன்றுக்கு 120 கோடி லிட்டர் அளவில் இருந்த நகரத்தின் செலவு, பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஆனால் ஒன்றைக் கூறாமல் விடுவது உண்மைக்கு விரோதம்: அங்கும் வசதி படைத்தவர்கள் தங்கள் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டார்கள்; குழாயின் கட்டளை பூமிக்கடியில் செல்லுபடியாகவில்லை.

அந்த ஆழ்துளைக் கிணறுதான் நம்முடைய ஜில்லாவின் கதை. கருங்கல்லின் மேல் அமர்ந்த பூமி இது. பாறையின் வெடிப்புகளில் தங்கிய நீரைத்தான் நாம் நிலத்தடி நீர் என்கிறோம். ஆழம் போகப்போகப் பல இடங்களில் அந்த நீரில் ஃபுளோரைடு மிகுகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பற்களில் பழுப்பேறும். நெடுநாள் குடித்தால் எலும்பு வளைந்து முட்டி நிமிராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் கிராமங்களில் இளம் வயதிலேயே கிழவர்களைப் போல நடந்த மனிதர்களை என் தலைமுறை நேரில் கண்டிருக்கிறது. அந்தக் கொடுமைக்குப் பரிகாரமாகத்தான், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,929 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, அதே ஆண்டில் எல்லைக்கு அப்பால் எழுந்த கிளர்ச்சியால் சற்றுத் தடைப்பட்டு, 2013 மே மாதத்தில் நீர் வழங்கத் தொடங்கிற்று. அன்றிலிருந்து நம் வீடுகளில் இரண்டு ஜாதித் தண்ணீர் உண்டு: குடிக்கவும் சமைக்கவும் 'ஒகேனக்கல் தண்ணி', குளிக்கவும் துவைக்கவும் 'போர் தண்ணி'.

இந்த இரட்டை வழக்கத்தைக் கருதாமல் ஒரு கட்டளை பிறந்தால் விளைவு என்னாகும் என்று சிந்தியுங்கள். குழாய் நீரை மட்டும் அளந்து வெட்டினால், கையில் காசுள்ளவர் இன்னும் இருநூறு அடி இறக்குவார், அல்லது டேங்கர் லாரிக்குச் சொல்லியனுப்புவார். அந்த லாரியும் எங்கோ ஒரு கிராமத்து விவசாயியின் போரிலிருந்துதான் நிரம்பி வருகிறது. காசில்லாதவர், குடிப்பதற்கும் போர் தண்ணீரையே முகந்துகொள்வார். நீரைக் குறைக்கப் போட்ட சட்டம் நல்ல நீரை மட்டும் குறைத்து, கெட்ட நீரின் பங்கைக் கூட்டிவிடும். பிற ஊர்களில் அது வெறும் அசௌகரியம். நம் ஊரில் அது எலும்பில் இறங்கும் வியாதி. போரைக் கட்டுப்படுத்தச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். சென்னைப் பிராந்தியத்துக்கு 1987லேயே நிலத்தடி நீர் ஒழுங்குச் சட்டம் ஒன்று உண்டு. மாநிலம் முழுவதற்குமென்று 2003இல் இயற்றப்பட்ட சட்டமோ, நடைமுறைக்கே வராமல் கிடந்து 2013இல் ரத்தாயிற்று. அதே 2003இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று பிறந்த கட்டாயம் மட்டும், எவ்வளவு அரைகுறையாயினும், நம் கூரைகளில் ஒரு குழாயையேனும் விட்டுச் சென்றிருக்கிறது. மேலிருந்து இறக்கு என்ற சட்டம் பிழைத்தது. கீழிருந்து எடுக்காதே என்ற சட்டம் பிறந்த இடத்திலேயே மடிந்தது.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இவ்வூரில் தண்ணீரைப் பற்றிப் பேசி முடிக்க இயலாது. நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, கன்னட நாட்டில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு நடந்து, நம் எல்லையில் தென்பெண்ணையாகக் கெலவரப்பள்ளி அணையை எட்டும் இந்நதியில், கோடையில் ஓடுவது எதன் நீர்? பெங்களூரு குடிப்பது காவிரியை. குடித்துக் குளித்துக் கழித்த நீரில் விருஷபாவதிப் பள்ளத்தாக்கில் விழும் பங்கு மட்டுமே அர்க்காவதி வழியாகக் காவிரிக்குத் திரும்புகிறது. கோரமங்களா, சல்லகட்டா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகளில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற ஏரிகளைக் கடந்து தென்பெண்ணைக்கு வருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கணக்கிட்டபோது, குடிநீருக்கென்று எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கே உண்மையில் செலவாகிறது, மீதி நான்கு பங்கு திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொண்டது. திரும்புவது மெய், ஆனால் புறப்பட்ட ஆற்றுக்கே திரும்புகிறதா என்பதைக் கெலவரப்பள்ளியின் மதகுகளில், மழை பெய்து நீர் திறக்கும் நாட்களில், ஆளுயரத்துக்கு எழுந்து சாலையை மறைக்கும் வெண்ணுரையைக் கேட்டால் சொல்லும். அந்த நுரையைத் தாண்டித்தான் நம் விவசாயி கீரையும் ரோஜாவும் பயிரிடுகிறார்.

ஆகவே எல்லைக்கு அப்பால் ஒரு வீட்டுக்காரர் சிக்கனமாகக் குளித்தால், எல்லைக்கு இப்பால் ஆற்றில் நீர் குறைகிறது! விசித்திரமாகத் தோன்றினாலும் உண்மை அதுதான். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற இலக்கோடு கோலார் ஜில்லாவின் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். வறண்ட கோலாருக்கு அது வரப்பிரசாதம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நீரும் முன்பு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. மார்க்கண்டேய நதியில் யர்கோளில் கர்நாடகம் எழுப்பிய அணையைப் பற்றி நம் அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கையும், 2019 நவம்பரில் நம் மனு தள்ளுபடியானதையும் நீங்கள் அறிவீர்கள். அதை விரித்துரைக்க வேறு மேடைகள் உண்டு. எனக்கு வேண்டியது ஒன்றே: ஒரு நகரத்தின் குளியலறைக்குள் பிறப்பிக்கும் கட்டளை அந்நகரத்தின் எல்லையோடு நிற்பதில்லை. கீழே இருப்பவனின் சம்மதம் அதற்குக் கேட்கப்படுவதுமில்லை.

கீழே இருப்பவன் என்றால் கன்னடியனுக்குத் தமிழன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராயிருந்த வழங்கல் 52 கோடியளவுக்கு இறங்கியபோது, நமக்குப் பக்கத்திலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். ஜூலை 12ஆம் தேதி முதல் வண்டி, ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வில்லிவாக்கம் சேர்ந்தது. அதுவும் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான். தங்களுக்கே போதாத நீரைத் தலைநகருக்கு அனுப்புவதா என்று அன்றைய வேலூர் ஜில்லாவில் குரல் எழுந்தது. அந்த 25 லட்சம் லிட்டர் ஒன்றேமுக்கால் லட்சம் குடத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனை பெரிய நகரத்துக்கு அது ஆளுக்கு ஒரு செம்புகூடத் தேறாது. வண்டிக்கு மாலை போட்டு வரவேற்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று.

நானும் சுத்தமானவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், குழாயில் வரும் நீர் சம்பு என்னும் நிலத்தடித் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல், தெருவில் மற்றவர்கள் செய்தபடியே நானும் குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினேன். என் சம்பு நிரம்பிற்று. தெருக்கோடியில் மேட்டிலிருந்த வீட்டில் அன்று காற்றுதான் வந்தது. அந்த வீட்டம்மாள் மறுநாள் குடத்தோடு என் வாசலில் வந்து நின்று, "சார், உங்க வீட்டுல தண்ணி வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் அன்று மாலையே மோட்டாரைக் கழற்றினேன். நகராட்சி ஊழியர் வந்து பறிமுதல் செய்திருந்தால் ஒருவேளை மறுபடி வாங்கி மாட்டியிருப்பேன்.

அந்த அநுபவத்தால் நான் கட்டளைக்கு விரோதியாகிவிடவில்லை. மனச்சாட்சியை நம்பி நகரத்தை நடத்த முடியாது. மேட்டு வீட்டுப் பெண் ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க முடியாது. 2019இல் மாநகராட்சியாகிவிட்ட இந்த ஓசூருக்கும், நாளை ஒரு கொடிய கோடையில், கட்டாயக் குறைப்பு வந்தே தீரும், வரவும் வேண்டும். என் அபிப்பிராயம் இது. அந்தக் கட்டளை விகிதத்தில் பேசாமல் குடத்தில் பேச வேண்டும்: ஆளுக்கு நான்கு குடத்துக்குக் கீழே இருப்பவனைத் தொடாதே, ஒன்பதுக்கு மேலே போகிறவனை விடாதே. குழாயை மட்டுமன்றிப் போரையும் லாரியையும் சேர்த்து எண்ண வேண்டும். அதற்கு அளவுமானி வேண்டும். மாதக் கட்டணம் இத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு வசூலிக்கும் முறை நம் ஊர்களில் தொடரும் வரையில் எந்தக் கட்டளையும் கண்ணில் பட்டவனை அடிக்கும் கட்டளையாகவே இருக்கும். இன்னொன்று: கட்டளை வீட்டைத் தொடுமுன் தொழிற்சாலையைத் தொட வேண்டும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இலிருந்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம், கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கிறார்கள். வாசலிலேயே ஒரு மாநகரத்தின் கழிவு நதியாக ஓடும்போது, எல்லைத் தொழிற்பேட்டை ஒன்று இயந்திரங்களைக் குளிர்விக்க நன்னீரைக் கேட்பதைவிட அடாத காரியம் வேறில்லை. அந்த ஆலைகள் ஆற்றைச் சுத்திகரித்து எடுத்துக்கொண்டால், குடிமகனிடம் குறைத்துக்கொள் என்று கேட்பதற்கு மாநகராட்சிக்கு முகம் இருக்கும்.

முடிக்கும் முன் ஒரு விண்ணப்பம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் வீட்டில் சம்பு வைத்திருப்பவர்கள்; அதில் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் சிலரே. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அதன் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்குங்கள். வருவதை 28ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம் என்றால் 4,200. அது எத்தனை நாளைக்கு வருகிறது, எத்தனை பேருக்கு வருகிறது என்று வகுத்து, ஆளுக்கு இத்தனை குடம் என்ற ஓர் எண்ணை, சம்பு மூடியின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள். போரிலிருந்து எடுப்பதையும், லாரிக்குச் சொல்லியனுப்புவதையும் அதில் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம்.